வெப்ராளத்துக்கு ஒரு புத்தகம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாசகசாலை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு, மனசுக்கு உதவும் புத்தகம்தான் எட்டாத தூரத்தில்.

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, திருவனந்தபுரம் சாலையில் சிறிது தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு மட்டும் எல்லைக் கோட்டை மதிப்பதில்லை. தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் முடியும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, கிடைக்கவில்லை. பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், குன்னத்துக்கால், வெள்ளறடை எல்லாம் கேரளத்தின் தென்கோடியாக நின்றுவிட்டன. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண் தமிழில் படித்தவள். அவளுடைய பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு லிபிகள்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்று வைத்துக்கொள்வோம். சோறு இறங்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாத அழுகை. டாக்டரிடம் போக வெட்கம். ஒரு புத்தகம் படித்தால் தேவலை என்று தோன்றுகிறது. எந்தப் புத்தகம்? எங்கே கிடைக்கும்?

சாதாரணக் கேள்விபோலத் தெரியலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அந்த ஆண்டு இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள். கேரளத்தில் 28.5. தமிழ்நாட்டில் 25.9. எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் நின்றாலும் தேசிய சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். படிப்பிலும் ஆஸ்பத்திரி வசதியிலும் முன்னால் நிற்பதாகப் பெயர் வாங்கிய இரண்டு மாநிலங்கள் இவை. கேரளமும் தமிழ்நாடும் உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16), மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று கண்டது.

ஏன் சேரவில்லை என்பதற்குப் பல காரணங்கள். ஒரு காரணம் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடை மனநல மையம் 1870இல் தொடங்கியது. அது நிற்கும் இடம் ஊளம்பாறை. யாராவது கொஞ்சம் விசித்திரமாகப் பேசினால் ‘ஊளம்பாறைக்கு அனுப்பணும்’ என்று கிண்டல் செய்வது அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் இதே வேலையைக் ‘கீழ்ப்பாக்கம்’ செய்துகொண்டிருக்கிறது. இப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவர், தன் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதைவிட யாருக்கும் தெரியாமல் ஒரு புத்தகத்தைப் புரட்டுவதைத்தான் முதலில் செய்வார். அதனால்தான் அந்தப் புத்தகம் எது என்பது முக்கியமாகிறது.

புத்தகம் வைக்கும் இடத்துக்குக் கேரளத்தில் பஞ்சமில்லை. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளின் பிரதிநிதிகளைக் கூட்டித் தொடங்கிய இயக்கம், இன்று மாநில நூலகக் கவுன்சிலின் கீழ் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களாக வளர்ந்திருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் இப்படிப்பட்ட கிராம நூலகங்கள் இருக்கின்றன. சாயங்காலம் பத்திரிகை படிக்கக் கூடும் கூட்டம், காரம் போர்டு, கட்சி விவாதம். அலமாரியில் இருப்பது பெரும்பாலும் மலையாளம்; இயல்புதான். மலையாளத்தில் உளவியலைச் சாதாரண வாசகருக்கு எழுதிக்கொடுத்த மரபு வலுவானது. மருத்துவ உளவியலாளரான பி.எம். மாத்யூ வெல்லூரின் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று அங்கே உண்டு. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து வந்த மருமகளுக்கு அந்த அலமாரி பூட்டிய அலமாரிதான்.

அவள் தமிழ்ப் புத்தகத்துக்காக மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறாள் என்று வைத்துக்கொண்டாலும் அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அது சொல் சிக்கல்.

தமிழ்ப் பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்ற சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஆபீஸில் வேலைப் பளு, பரீட்சை பயம், டிராபிக் எரிச்சல் எல்லாம் மன அழுத்தம். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்பது அது. அதே பத்திரிகையில் இன்னொரு பக்கத்தில், மாதக்கணக்கில் ஆளை முடக்கிப்போடும் ‘டிப்ரஷன்’ என்ற நோய்க்கும் மன அழுத்தம் என்றே பெயர். ‘டிப்ரஷன்’ என்ற சொல்லுக்குள் அழுத்துதல் என்ற பொருள் இருப்பதால் வந்த வினை. மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. மனச்சோர்வு என்று எழுதிக்கொடுத்தால் அச்சில் அழுத்தமாகி வரும். மலையாளத்தில் இந்தக் குழப்பம் குறைவு. ஸ்ட்ரெஸ் என்றால் ‘சம்மர்த்தம்’, டிப்ரஷன் என்றால் ‘விஷாத ரோகம்’. இரண்டும் வேறு வேறு என்று சொல்லே சொல்லிவிடுகிறது.

இது வெறும் இலக்கண விவகாரம் இல்லை. ‘மன அழுத்தத்தை வெல்வது எப்படி’ என்ற அட்டையைப் பார்த்து வாங்கும் ஒருத்திக்கு, உள்ளே சீக்கிரம் எழுந்திருங்கள், திட்டமிட்டு வேலை செய்யுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்று அறிவுரை கிடைக்கிறது. படுக்கையை விட்டு எழவே முடியாதவளிடம் ஐந்து மணிக்கு எழச் சொன்னால் என்ன ஆகும்? இதுகூட நம்மால் முடியவில்லையே என்ற எண்ணம் ஒன்று கூடுதலாகச் சேரும்.

வேடிக்கை என்னவென்றால், எல்லைப் பகுதிப் பேச்சில் இதற்கெல்லாம் நுட்பமான சொற்கள் இருக்கின்றன. நெஞ்சு படபடத்து இருப்புக்கொள்ளாமல் தவிப்பது ‘வெப்ராளம்’. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் துக்கம் ‘விசனம்’. அழுகை முட்டிக்கொண்டு வருவது ‘சங்கடம்’. முதலாவது ஏறக்குறைய டாக்டர்கள் பதற்றம் என்று சொல்வது. இரண்டாவது மனச்சோர்வுக்குப் பக்கத்தில் நிற்பது. தன்முன்னேற்றப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இவ்வளவுக்கும் தமிழுக்கு இந்த வகை எழுத்து புதிதல்ல. அதன் தொடக்கம் ஒரு ஜெயிலில். 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளை, கோவைச் சிறையில் செக்கிழுத்தார். பிறகு கண்ணூருக்கு மாற்றப்பட்டு, தண்டனை குறைக்கப்பட்டதால் 1912 டிசம்பரில் அங்கிருந்து விடுதலையானார். (திருவிதாங்கூரிலிருந்து 1910இல் நாடு கடத்தப்பட்ட நெய்யாற்றின்கரைக்காரர் ‘ஸ்வதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை 1916இல் கண்ணை மூடியதும் கண்ணூரில்தான். இரண்டு பிள்ளைமாரின் கதையிலும் அந்த ஊர் வருகிறது.) சிறைக் காலத்தில்தான் வ.உ.சி., ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் வெளியிட்ட சிறு நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். பின்னர் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்று ஆலனின் நூல்கள் அவர் மூலம் தமிழுக்கு வந்தன.

ஆலன் சொல்வது இதுதான்: மனிதனின் நினைப்புதான் அவன் வாழ்க்கையைச் செய்கிறது. இந்தச் செய்தி ஒரு கைதிக்கு என்ன கொடுத்திருக்கும் என்று புரிந்துகொள்ள முடிகிறது. உடம்பைச் செக்கில் பூட்டியவர்களால் மனசைப் பூட்ட முடியாது. ஆனால் தன்னைச் செக்கில் பூட்டியது தன் நினைப்புதான் என்று வ.உ.சி. நம்பியிருக்க மாட்டார். பூட்டியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் அந்தப் புத்தகம் ஊன்றுகோல். மனச்சோர்வில் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் அதே வாக்கியம் குற்றப்பத்திரிகையாகிவிடலாம். உன் நிலைமைக்கு உன் நினைப்பே காரணம் என்றால், பிழை உன்னுடையது என்றுதானே பொருள்?

வ.உ.சி.க்குப் பின் அப்துற் றஹீம் வந்தார், எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வந்தது. வேலையில்லாத இளைஞர்களுக்கு இவர்கள் கொடுத்த தெம்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பிறகு மொழிபெயர்ப்பு வெள்ளம். ஜோசப் மர்ஃபியின் ஆழ்மனம் பற்றிய புத்தகமும் ரோண்டா பைர்னின் ‘இரகசிய’மும் ரயில் நிலையப் புத்தகக் கடை வரை வந்து நிற்கின்றன. இவை பெரும்பாலும் வெற்றியைப் பற்றியவை. பணம், பதவி, புகழ். நோயைப் பற்றியவை அல்ல. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதுதான் கோளாறு.

நல்லதையே நினை, நல்லதையே சொல் என்பதை கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் சோதித்துப் பார்த்தார். 2009இல் வெளியான அந்த ஆய்வில், நான் அன்புக்குரியவன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும்படி சிலர் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தன்னம்பிக்கை ஏற்கெனவே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்லதாக இருந்தது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ முன்னைவிட மோசமாக இருந்தது. எந்த மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை!

அப்படியானால் உதவும் புத்தகம் என்று ஒன்று கிடையாதா? உண்டு. அது பிரசங்கம் செய்யாது, வேலை கொடுக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய ‘ஃபீலிங் குட்’ இந்த வகையில் பெயர் பெற்றது. ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சையை, வாசகர் வீட்டிலிருந்தே செய்து பார்க்கும் பயிற்சியாக மாற்றியது. இந்த முறையில் என்ன செய்கிறார்கள்?

பாறசாலை மருமகளையே எடுத்துக்கொள்வோம். காலையில் மாமியார் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டார். உடனே ஒரு நினைப்பு: ‘அம்மைக்கு என்மேல் கோபம்.’ அதன் வாலைப் பிடித்து அடுத்தது: ‘நான் எதற்கும் லாயக்கில்லை.’ அன்றைக்கு முழுக்க வெப்ராளம். புத்தகம் அவளிடம், கவலைப்படாதே என்று சொல்வதில்லை. ஒரு நோட்டில் கோடு போடச் சொல்கிறது. நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, நூற்றுக்கு எவ்வளவு நம்பினாய், அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன. எழுதும்போதுதான் மாமியாருக்கு முந்தின ராத்திரியிலிருந்து பல்வலி என்பது நினைவுக்கு வருகிறது. நூறு அறுபதாகிறது. அவ்வளவுதான், அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நாளைக்கும் எழுதினால், அடுத்த வாரமும் எழுதினால், நினைப்பு வேறு, நடந்தது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் கைக்கு வருகிறது.

இன்னொரு பயிற்சி இதைவிட எளிது. நாளை மணிவாரியாகப் பிரித்து, ஒரு சிறு வேலையைக் குறித்துக்கொள்வது. தோட்டத்தில் நாலு செடிக்குத் தண்ணீர், அக்காவுக்கு ஒரு போன். செய்தபின் மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் போடுவது. உற்சாகம் வந்தபின் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அது வருவதில்லை, வேலையைத் தொடங்கினால் பின்னாலேயே கொஞ்சம் வரும் என்பது இதன் அடிப்படை.

எனவே கடையில் நிற்கும்போது அட்டையைப் பார்க்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பென்சிலுக்கு வேலை இருக்கிறதா? எழுதியவர் மனநல மருத்துவரா, உளவியலாளரா, அல்லது கூட்டத்தில் பேசிப் பழகியவர் மட்டும்தானா? எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று ஓர் அத்தியாயமாவது, ஒரு பக்கமாவது உண்டா? 21 நாளில் வாழ்க்கை மாறும் என்று வாக்குறுதி தருகிறதென்றால் திரும்ப வைத்துவிடலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் புத்தகத்தை வைத்துவிட்டுக் கடையை விட்டே வெளியேறலாம். தமிழில் இந்தச் சோதனையில் தேறும் கைப்புத்தகங்கள் கண்ணில் படுவது குறைவு என்பதே நிலவரம். விக்டர் ஃபிராங்க்ல் நாஜி முகாம் அனுபவத்தை வைத்து எழுதிய நூல் தமிழில் இருக்கிறது. அது அருமையான புத்தகம். ஆனால் அது பயிற்சி நூல் அல்ல. துக்கத்தின் உச்சத்தில் இருப்பவருக்கு முகாமின் பக்கங்கள் தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பயிற்சி நூலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தனியாகப் படிப்பதைவிட, பக்கத்தில் ஒருவர் இருந்து இந்த வாரம் எழுதினாயா என்று கேட்டால் பலன் அதிகம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், கடுமையில்லாத மனச்சோர்வுக்கு இப்படி ஒருவர் துணையோடு செய்யும் சுய உதவியை முதல் வரிசையில் வைத்தது. அதற்கு முன்பே, 2003இல், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நீல் ஃப்ரூட் என்ற உளவியலாளர் ஒரு திட்டம் தொடங்கினார். டாக்டர் மருந்துச் சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதுவார். நோயாளி அதைப் பொது நூலகத்தில் காட்டி வாங்கிக்கொள்வார். 2005இல் வேல்ஸ் முழுக்க, 2013இல் இங்கிலாந்து முழுக்க அது பரவியது. பட்டியலை முடிவு செய்வது நிபுணர்கள். பதிப்பக விளம்பரம் அல்ல.

நெய்யாற்றின்கரை தாலுகாவைப் பார்க்கும்போது இதற்கான துண்டுகள் எல்லாம் தனித்தனியே கிடப்பது தெரிகிறது. கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் கிளினிக்குகள் நடக்கின்றன. தாலுகாவிலேயே காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1920களில் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, பிறகு நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகளைச் செலவிட்ட டாக்டர் சாமர்வெல் பெயரில். நூலகக் கவுன்சிலிடம் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. வாசல் வரை வரும் அந்த நூலகப் பெண்ணின் பையில் பத்துத் தமிழ்ப் புத்தகம் இருந்தால் போதும். நூலகத்துக்குப் போனால் நாலு பேர் என்ன புத்தகம் எடுத்தாய் என்று எட்டிப் பார்ப்பார்களே என்ற பயமும் இல்லை. திருவனந்தபுரம் பாளையத்தில் 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. அங்கிருந்து பாறசாலைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். டாக்டரின் சீட்டும் நூலகத்தின் பையும் சந்திக்க வேண்டும். அதைச் செய்யும் உத்தரவுக்கு ஒரு தாள் போதும்.

படிக்கவே வராதவர்களுக்கு? உலக சுகாதார நிறுவனம் 2020இல் ‘டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்’ என்ற படக் கையேட்டை இலவசமாக வெளியிட்டது. பல மொழிகளில் வந்துள்ள இதன் பயிற்சிகளுக்கு ஒலிப்பதிவும் உண்டு. காலைத் தரையில் ஊன்றி மூச்சைக் கவனிப்பதில் தொடங்கும் பயிற்சிகள். பக்கத்துக்குச் சில வரிகள், மற்றதெல்லாம் படம். இந்தக் கையேட்டோடு ஒலிப்பதிவு செய்த ஐந்து பாடங்களையும் சேர்த்து, உகாண்டாவில் அகதிகளாக இருந்த தெற்கு சூடான் பெண்கள் சுமார் 700 பேரிடம் சோதித்தார்கள். மூன்று மாதத்துக்குப் பின் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெண்களின் மனத்துயர் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பாடத்தை ஒலிபரப்பியவர்கள் டாக்டர்கள் அல்ல; குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். பேசத் தெரிந்த மொழி ஒன்று, படிக்கத் தெரிந்த மொழி வேறு என்று வாழும் எல்லைக் குடும்பங்களுக்கு, அச்சைவிடக் குரல் நன்றாகவே பொருந்தும். அதைத் தென்திருவிதாங்கூர்த் தமிழில், வெப்ராளம் என்ற சொல்லோடு பதிவு செய்ய ஒரு மைக்கும் ஒரு உளவியலாளரும் உள்ளூர்க் குரல் ஒன்றும் வேண்டும். குடும்பஸ்ரீ கூட்டங்களில் அதைப் போட்டுக் கேட்கலாம்.

புத்தகம் எதுவானாலும் சில நிலைமைகளில் அதை மூடி வைத்துவிட்டு ஆளைத் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், வேலை செய்யவே முடியாமல் போனால், யாரும் பேசாத குரல் காதில் விழுந்தால், பிரசவத்துக்குப் பின் குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், 20 மொழிகளில் பேசுகிறார்கள், தமிழும் மலையாளமும் அவற்றில் உண்டு. கேரளத்தில் ‘திசா’ எண் 1056. எல்லைக்கு இந்தப் பக்கம் 104. சென்னை ‘சிநேகா’ அமைப்பின் எண் 044-24640050. புத்தகம் இல்லாத வீட்டிலும் நாட்காட்டி இருக்கும்; அதன் பின்பக்கத்தில் எழுதி வைக்க இடம் இருக்கிறது.